ஒரு சாண் கடல்

சிங்கவரம்,
14.06.2025

அக்காவுக்கு,

நலமா என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும். அதனால் கேட்காமலே தொடங்குகிறேன்.

உங்கள் மனையில் பூமி பூஜை முடிந்து நாங்கள் திரும்பியதிலிருந்து, உன் எண்ணுக்குக் கூப்பிடும்போதெல்லாம் உன் மாமியார்தான் எடுக்கிறார். "இரு, ஸ்பீக்கர்ல போடறேன், எல்லாரும் கேக்கட்டும்" என்கிறார். அப்புறம் யாரும் பேசுவதில்லை. பின்னால் டிவி தொடர் ஓடும் சத்தம் மட்டும் வருகிறது. கடிதத்துக்கு ஸ்பீக்கர் கிடையாது என்பதால் எழுதுகிறேன். செஞ்சி தபால் நிலையத்தில் உறை கேட்டபோது, "எந்தப் போட்டிக்கும்மா?" என்றார்கள்.

நைனா என்னோடு பேசுவதில்லை. அன்று வேனில் திண்டிவனம் தாண்டியதும், "சொம்பைக் கீழ வச்சிட்டியே" என்றார். அவ்வளவுதான். அம்மா பேசுகிறாள், ஆனால் அடுப்பைப் பார்த்துப் பேசுகிறாள்.

கடக்கால் குழியில் முதல் தண்ணீரை மருமகளின் தங்கை ஊற்றி, "குடி விளங்கட்டும்" என்று சொல்வது உங்கள் வீட்டு வழக்கம். நீ முன்பே சொல்லியிருந்தாய், நானும் சொல்லிப் பழகியிருந்தேன். ஆனால் மஞ்சள் பூசிய சொம்பைக் கையில் வாங்கிக் குனிந்தபோது குழியின் அடியில் ஏற்கெனவே தண்ணீர் கசிந்து நின்றது. அதைப் பார்த்த பிறகு என்னால் ஊற்ற முடியவில்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "இந்த எடம் கடலுக்குள்ள போயிடும், இங்க வீடு கட்டாதீங்க" என்று சொல்லிவிட்டேன். சொல்லக் கூடாத நேரம் என்பது இப்போது புரிகிறது. ஆனால் நான் சொன்னது பொய் இல்லை, அக்கா. ஏன் அப்படிச் சொன்னாய் என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நீயாவது கேள்.

அண்டார்டிகாவிலும் கிரீன்லாந்திலும் நிலத்தின் மேல் பனி படர்ந்து கிடக்கிறது. சில இடங்களில் நம் ராஜகிரிக் கோட்டை மலையைப் பத்து முறை அடுக்கினால்தான் அதன் தடிமன் வரும். அது நிற்பது போலத் தெரிந்தாலும் மெல்லக் கடலை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பனியைக் கணினிக்குள் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மேலே எவ்வளவு பனி பெய்கிறது, அடியில் எவ்வளவு கரைகிறது, எவ்வளவு வேகமாக வழுக்குகிறது என்று கணக்குப் போட்டு, நூறு வருடத்துக்கு ஓட்டிப் பார்க்கிறார்கள். இதற்குக் கணினி மாதிரி என்று பெயர். பனி குறைந்தால் கடல் கூடும். அதை வைத்துத்தான் கடல் எவ்வளவு உயரும் என்று சொல்கிறார்கள்.

எங்கள் பள்ளிக் கணினி அறையில் இணையத்தில் ஒரு வரைபடம் பார்த்தேன். கடல் இரண்டு மீட்டர் உயர்ந்தால் எந்த ஊர் மூழ்கும் என்று அது காட்டுகிறது. மரக்காணத்து உப்பளம் நீலமானது. உப்பளத்தை ஒட்டிய உங்கள் தெரு நீலமானது. உங்கள் மனையை நான் தேடிக் கண்டுபிடித்தேன். அதுவும் நீலம்.

மாமா ஒன்பது வருடம் மஸ்கட்டில் லாரி ஓட்டியது இந்த ஒரு வீட்டுக்காக. இன்னொரு தடவை அவர் உடம்பு அங்கே போகத் தாங்காது என்று நீதான் சொன்னாய். அப்படியானால் உங்களால் ஒரே ஒரு வீடுதான் கட்ட முடியும். அதைக் கடலுக்குக் கட்டிக் கொடுக்கப் போகிறீர்கள் என்று தெரிந்தும் நான் எப்படித் தண்ணீர் ஊற்றுவது?

பதில் போடு. திட்டியாவது போடு.

தமிழ்மொழி


மரக்காணம்,
27.06.25

மொழி,

திட்டச் சொன்னாய், திட்டுகிறேன்.

உன் உறையை அத்தைதான் வாங்கினார். பிரிக்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "உன் தங்கச்சி எழுதியிருக்குது. இந்த வாட்டி எந்த ஊரு முழுவுது?" என்று கேட்டுக் கொடுத்தார்.

நீ சொம்பை வைத்துவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டாய். நான் இங்கேதான் இருந்தேன். அந்தத் தண்ணீரை நானே எடுத்து ஊற்றினேன், தெரியுமா? மருமகளே ஊற்றக் கூடாது என்று ஒருத்தி, ஊற்றலாம் என்று ஒருத்தி, ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டே நிற்கிறார். ஊற்றியதில் பாதி என் புடவையில் கொட்டியது. "குடி விளங்கட்டும்" என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

இப்போது எங்கள் தெருவில் எங்கள் மனைக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். மணல் இறக்க வந்த டிராக்டர்காரன் வழி கேட்டால், "கடலுக்குள்ள போற வூடா? நேரா போயி சோத்தாங்கை பக்கம்" என்கிறார்கள். உன் மாமா சிரித்துக்கொண்டுதான் வருகிறார். வீட்டுக்குள் வந்ததும் அந்தச் சிரிப்பு கழன்று விழுந்துவிடுகிறது. பூஜை நடந்த அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அது படிச்ச பொண்ணுதானே? சும்மா சொல்லாதுல்ல?" அந்தக் கேள்வியை என் தலையில் போட்டுவிட்டுப் போனவள் நீ. அந்தக் கோபம்தான் உன்மேல் எனக்கு.

நீ சின்ன வயதிலிருந்து இப்படித்தான். என் கல்யாணப் பத்திரிகையில் பிழை இருக்கிறது என்று அச்சகத்தில் எல்லார் முன்னாலும் சொல்லி நைனாவைத் தலைகுனிய வைத்தாய். பிழை இருந்தது, சரி. அதை என் காதில் சொல்லியிருக்கலாம்.

இப்போது கேட்கிறேன், நீ கேட்கச் சொன்ன மாதிரியே. அந்தக் கணினி எங்கள் மனையைப் பார்த்திருக்கிறதா? இரண்டு மீட்டர் என்று எந்த வருடத்துக்குச் சொன்னது? அடுத்த வருடமா, நான் கிழவியான பிறகா, என் எலும்பு கரைந்த பிறகா? வருடம் இல்லாமல் ஒரு செய்தி சொன்னால் அதற்குப் பெயர் சாபம்.

மேட்டு நிலம் எங்களுக்கு வேறு எங்கும் கிடையாது. இருப்பது இந்த மனை ஒன்றுதான். அதனால் இடத்தை மாற்று என்று எழுதாதே.

அன்புக்கரசி


சிங்கவரம்,
19.07.2025

அக்காவுக்கு,

உன் கடிதத்தில் இருந்த மூன்று கேள்விகளையும் எழுதி எடுத்துக்கொண்டு கணினி அறைக்குப் போனேன். எந்த வருடம் என்று தேடினேன். வரைபடத்தில் வருடமே இல்லை. அதில் ஒரு கோடு இருக்கிறது. அதை விரலால் இழுத்தால் கடல் உயரும். அன்றைக்கு அதை இரண்டில் கொண்டுபோய் வைத்தது யார் என்று யோசித்தேன். நான்தான். நானே இழுத்து வைத்த அளவைக் கணினி சொன்னது என்று நினைத்துக்கொண்டேன்.

இதை உனக்கு எழுத வேண்டும் என்பதால் பத்து நாளாக உறை என் பையிலேயே இருக்கிறது.

உண்மையாக என்ன சொல்கிறார்கள் என்று உலக நாடுகளின் அறிவியலாளர்கள் சேர்ந்து எழுதிய அறிக்கையைத் தேடிப் படித்தேன். ஆங்கிலம் கடினமாக இருந்தது, அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். இந்த நூற்றாண்டு முடிவதற்குள், அதாவது 2100க்குள், உலகம் புகையை நன்றாகக் குறைத்தால் கடல் ஏறத்தாழ அரை மீட்டர் வரை உயரும். குறைக்காமல் மேலும் மேலும் விட்டால் ஒரு மீட்டர் வரை போகலாம். இரண்டு மீட்டரும் அந்த அறிக்கையில் இருக்கிறது. ஆனால் அது "நடக்கும்" என்ற வரிசையில் இல்லை. "நடக்காது என்று எங்களால் சொல்ல முடியவில்லை" என்ற இடத்தில் இருக்கிறது. அதற்குக் காரணம் பனிதான். கடல் சூடாவதும் மலைகளில் இருக்கும் பனி உருகுவதும் ஓரளவு கணக்குக்குள் வருகின்றன. அண்டார்டிகாவின் பெரும் பனி வரவில்லை.

இது ஏன் என்று எனக்குப் புரிந்த விதத்தைச் சொல்கிறேன். மல்லாட்டைக் கடலை பிடுங்குவதற்கு முன்னால் நைனா வயலில் நாலு இடத்தில் செடியைப் பிடுங்கிக் காய் பார்த்து, "இத்தினி மூட்டை வரும்" என்பார். வியாபாரி அதே வயலில் வேறு நாலு செடியைப் பிடுங்கிக் குறைத்துச் சொல்வார். வியாபாரிக்கு ஆதாயம் உண்டு என்பது வேறு. ஆனால் இருவருமே மண்ணுக்குள் இருப்பதைப் பார்க்காமல்தான் சொல்கிறார்கள். பனியும் அப்படித்தான். அதற்கு அடியில் இருக்கும் பாறை வழவழப்பாக இருக்கிறதா, சொரசொரப்பாக இருக்கிறதா என்று நேரில் பார்த்தவர்கள் யாரும் இல்லை. மேலே பனி நகரும் வேகத்தைச் செயற்கைக்கோளில் அளந்து, அடியில் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறார்கள். பல நாட்டுக் குழுக்கள் தங்கள் தங்கள் மாதிரிகளில் ஒரே கேள்வியைப் போட்டு ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். விடைகள் ஒன்றுபோல் வரவில்லை. ஒன்றிரண்டில் அண்டார்டிகாவின் பனி கொஞ்சம் கூடக்கூடச் செய்கிறது, ஏனென்றால் காற்று சூடானால் அங்கே அதிகப் பனி பெய்யும். வேறு சிலவற்றில் ஓரத்துப் பனி உடைந்து உள்ளேயிருப்பதும் சரிந்து வருகிறது.

உன் வருடக் கேள்விக்குப் பதில்: 2050 வாக்கில் கடல் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ ஒரு சாண் உயர்ந்திருக்கும். இதில் மாதிரிகளுக்குள் பெரிய சண்டை இல்லை. அதற்குப் பிறகுதான் அவை பிரிந்து போகின்றன.

பூமி பூஜையில் நான் சொன்னது தவறு. நேரம் மட்டும் தவறு இல்லை, அளவும் தவறு. மாமாவிடம் இதைப் படித்துக் காட்டு. அத்தையிடமும் காட்டு. ஸ்பீக்கரில் போட்டாலும் பரவாயில்லை.

தமிழ்மொழி


மரக்காணம்,
11.08.25

என் தங்கமே,

உன் கடிதத்தைக் கூடத்தில் நின்று எல்லாருக்கும் படித்தேன். மல்லாட்டை வந்த இடத்தில் உன் மாமா, "மாமனார் மூட்டைக் கணக்கு என்னிக்குமே ரெண்டு கூடத்தான் இருக்கும்" என்று சிரித்தார். உண்மையாகச் சிரித்தார். எத்தனை நாள் ஆயிற்று தெரியுமா? அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்று கேட்டார். முடிந்ததும், "ஒரு சாணா?" என்றார். "ஆமாம் அத்தை" என்றேன். தன் கையையே விரித்துப் பார்த்தார். "இத்தினிக்கா அந்தப் பொண்ணு அந்த ஆட்டம் ஆடுச்சு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்குச் சாயந்திரம் உனக்கென்று முறுக்கு சுட்டு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். இதற்கு மேல் அத்தை மன்னிப்பார் என்று எதிர்பார்க்காதே, இதுவே பெரிது.

தெருவிலும் சொல்லியாயிற்று. "செஞ்சிப் பொண்ணு கணக்கை மாத்திடுச்சு" என்கிறார்கள். டிராக்டர்காரனுக்கு இப்போது ஒழுங்காக வழி சொல்கிறார்கள்.

இன்னொரு நல்ல செய்தி. போன புயலில் பழைய வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர் வந்ததால், விநாயகம் மேஸ்திரி புது வீட்டுக்குப் பேஸ்மட்டம் ஐந்து அடி தூக்கச் சொல்லியிருந்தார். கருங்கல்லும் மண்ணும் அடிப்பதிலேயே எல்லாம் கரைந்துவிடும் என்று உன் மாமா தவித்துக்கொண்டிருந்தார். உன் கடிதம் வந்ததும், "நம்ம மொழியே ஒரு சாண்தான்னு சொல்லிட்டுது, மூணு அடி தாராளம்" என்று முடிவு செய்துவிட்டார். மிச்சமாவதில் முன்னால் ஒரு போர்டிகோ வரப் போகிறது. அவருக்கு அது ரொம்ப நாள் ஆசை. மஸ்கட்டில் அவர் முதலாளி வீட்டு முன்னால் இருந்ததாம். வண்டியை நிழலில் விட்டுவிட்டு நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்பார்.

நிலை வைக்கும்போது நீ கட்டாயம் வர வேண்டும். இந்த முறை உன் கையில் சொம்பு கொடுக்க மாட்டார்கள், பயப்படாதே. மஞ்சள் பூசும் வேலை மட்டும்தான்.

உன் அக்கா


சிங்கவரம்,
18.08.2025

அக்கா,

மூணு அடி வேண்டாம். முதலில் இதை மாமாவிடம் சொல்லிவிட்டு மிச்சத்தைப் படி.

நான் ஒரு சாண் என்று எழுதியது கடலின் சராசரி மட்டத்தை. உங்கள் வீட்டு வாசலில் நிற்கப் போகும் தண்ணீரை இல்லை. உனக்கு எளிதாக இருக்கட்டும் என்று சென்டிமீட்டரைச் சாணாக மாற்றி எழுதினேன். சாண் என்றதும் எல்லாரும் கையை விரித்துப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

புயல் வரும்போது எழும் தண்ணீர் அந்த உயர்ந்த மட்டத்தின் மேல்தான் எழும். அதைவிட இன்னொன்று இருக்கிறது. உங்கள் ஊர் மழைத் தண்ணீரெல்லாம் கழுவெளி ஏரியில் சேர்ந்து, முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகிறது. கடல் மட்டம் உயர்ந்திருந்தால் அந்தத் தண்ணீர் வடிவது தாமதமாகும். கடல் உங்கள் வீட்டுக்கு வர வேண்டியதே இல்லை, அக்கா. போக வேண்டிய தண்ணீரைப் போகவிடாமல் நிறுத்தினால் போதும்.

அந்த வரைபடத்திலும் ஒரு குறை இருக்கிறது. அது தரையின் உயரத்தை விண்ணிலிருந்து அளந்தது. அப்படி அளக்கும்போது தென்னை மரத்தின் தலையும் வீட்டுக் கூரையும் தரையோடு கலந்துவிடுகின்றன. உங்கள் தெரு முழுக்கத் தென்னை. அப்படியானால் உங்கள் தரை, படம் காட்டியதைவிடத் தாழ்வாக இருக்கலாம். எவ்வளவு தாழ்வு என்று எனக்குத் தெரியாது.

கேட்பவர்களுக்கு நான் மாற்றி மாற்றிப் பேசுவது போல இருக்கும். போன கடிதத்தில் எழுதியது எதுவும் பொய் இல்லை. இதில் எழுதுவதும் பொய் இல்லை. இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு முனைகள். நான் ஒரு முறை ஒரு முனையையும் அடுத்த முறை மறு முனையையும் எழுதிவிட்டேன். இரண்டையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

போர்டிகோ அப்புறம் கட்டலாம். பேஸ்மட்டம் அப்புறம் கட்ட முடியாது.

தமிழ்மொழி


மரக்காணம்,
12.09.25

மொழி,

உடனே எழுதவில்லை. எழுதினால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

உன் மாமாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்தார். "முழுவும்னுது. முழுவாதுன்னுது. இப்ப திரும்பியும் முழுவும்னுது. உன் தங்கச்சிக்கு ஒரு வாயா ரெண்டு வாயா?" என்றார். அத்தை டப்பாவைத் திறந்து, உனக்கு வைத்திருந்த முறுக்கில் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே, "டிவியில மழை சொல்றவங்களும் இப்டித்தான். அவங்களுக்குச் சம்பளம் உண்டு, இதுக்கு இன்னா கேடு?" என்றார்.

நான் அவர்களோடு சேர்ந்து உன்னைத் திட்டவில்லை. உனக்காகப் பேசவும் இல்லை. பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

ஆனால் ஒன்று. நீ எழுதிய கழுவெளி விஷயம் என்னை விடமாட்டேன் என்கிறது. போன புயலில் நான்தான் இந்த வீட்டில் இருந்தேன், உன் மாமா மஸ்கட்டில் இருந்தார். மழை நின்ற பிறகும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அது எங்கேயிருந்து ஏறுகிறது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. இதை அவரிடம் சொன்னேன். "அது வேற மழை" என்றார்.

மூணு அடிக்குக் கல் கட்டு முடியப் போகிறது. அதன் மேல் பெல்ட் கான்கிரீட் போட வேண்டும். மேஸ்திரி ஒவ்வொரு அமாவாசைக்கும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிறவர். இந்த மாத அமாவாசைக்கு 21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை போகிறார். திரும்பி வந்து புதன்கிழமை பெல்ட் போடுவார். போட்டுவிட்டால் முடிந்தது, அப்புறம் உயரத்தைக் கூட்ட முடியாது.

அதற்குள் எனக்கு ஒரே ஒரு எண் எழுது. இதிலிருந்து அது வரை என்று எழுதாதே. இப்படி நடந்தால் அப்படி என்று எழுதாதே. மாதிரிகள் என்ன சொல்கின்றன என்றும் வேண்டாம். எத்தனை அடி என்று மட்டும் எழுது. நான் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இரண்டு எண் எழுதினால் என்னால் எதன் மேலும் நிற்க முடியாது. அவர்கள் என்னை நிற்கவும் விடமாட்டார்கள்.

தபாலில் போட்டால் நாளாகும். மேஸ்திரி செஞ்சியில்தான் பஸ் மாறுவார். சிவப்பு வேட்டி கட்டியிருப்பார், கழுத்தில் எலுமிச்சம்பழ மாலை. அவரிடம் கொடு.

அன்புக்கரசி


செஞ்சி பேருந்து நிலையம்,
21.09.2025

அக்காவுக்கு,

மேல்மலையனூர் சிறப்புப் பேருந்துகள் நிற்கும் இடத்தில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து அதன் மேல் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் காரணம் கூட்டம். வீட்டில் நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டு, வெறும் தாளோடுதான் வந்தேன்.

சிவப்பு வேட்டியும் எலுமிச்சம்பழ மாலையும் என்று அடையாளம் சொன்னாய். இங்கே பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். மூன்று பேரிடம் கேட்டு, நாலாவது ஆள்தான் விநாயகம் மேஸ்திரி. "கடல் வரும்னு சொன்ன பொண்ணு நீதானா?" என்றார். ஆமாம் என்றேன். "ஆளு சின்னதா இருக்குது" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

நான் அவரையே கேட்டேன், "நீங்க இன்னா சொல்றீங்க, எத்தினி அடி வேணும்?"

"நான் மொதல்ல அஞ்சு சொன்னேன். நாங்க அஞ்சுதான் சொல்லுவோம், அப்பதானே கல்லு அதிகம் ஓடும்" என்று சிரித்தார். "ஓனர் மூணுன்னா மூணு, முப்பதுன்னா முப்பது. எனக்கு இன்னா. பெல்ட் போட்டுட்டா அப்புறம் அம்மனே வந்து சொன்னாலும் ஏத்த முடியாது. சீக்கிரம் எழுதும்மா, வண்டி எடுத்துடுவான்."

அக்கா, நீ கேட்ட எண்ணைப் பனி மாதிரிகளில் தேடினேன். அதில் இல்லை. அவை எழுதப்பட்டது அதற்காக இல்லை என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. இப்படி இருந்தால் எவ்வளவு, அப்படி இருந்தால் எவ்வளவு, எங்களுக்குத் தெரியாதது எவ்வளவு என்று மட்டும்தான் அவை சொல்லும். உப்பளத்துப் பக்கம் ஒரு வீட்டுக்கு எத்தனை அடி என்பதை அங்கே குடியிருக்கப் போகிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

எனவே நான் இப்படி யோசித்தேன். ஐந்து அடி தூக்கி, கடல் அமைதியாக இருந்துவிட்டால், மாமாவுக்குப் போர்டிகோ போய்விடும். அவர் ஆயுசுக்கும் என்னைத் திட்டுவார். மூணு அடி தூக்கி, கெட்ட மாதிரி சொன்னது நடந்துவிட்டால், வீடு போய்விடும். திட்டுவதற்கும் இடம் இருக்காது. இந்த இரண்டில் எதை நீங்கள் தாங்குவீர்கள் என்று பார்த்தால் எனக்கு ஒரே எண்தான் வருகிறது.

ஐந்து.

இது கணினி சொன்னது என்று யாரிடமும் சொல்லாதே. மொழி சொன்னாள் என்று சொல். போன தடவைகளில் எண்கள் எல்லாம் வேறு யாரோ சொன்னவை என்பது போல எழுதினேன். இது என்னுடையது. தவறாகிப் போனால் என்னைத்தான் கேட்க வேண்டும்.

ஐந்து அடியும் எல்லாக் காலத்துக்கும் போதும் என்று நான் சொல்லவில்லை. ஒரே எண் கேட்டாய். அதனால் இதற்கு மேல் எழுதவில்லை.

மேஸ்திரி கையை நீட்டுகிறார்.

தமிழ்மொழி


மரக்காணம்,
09.12.25

மொழிக்கு,

இத்தனை நாள் உன்னைக் காக்க வைத்ததற்குச் சேர்த்து ஒரு செய்தி இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன். அவசரப்பட்டுக் கீழே பார்க்காதே. நீ பார்ப்பாய் என்று தெரியும்.

மேஸ்திரி உன் கடிதத்தை என்னிடம் கொடுக்கவில்லை. விபூதியும் கடிதமும் சேர்த்து உன் மாமா கையில் கொடுத்து, "செஞ்சிப் பொண்ணு குடுத்துச்சு" என்றார். மாமா படித்தார். ரொம்ப நேரம் படித்தார். பிறகு, "அஞ்சாம்" என்று மட்டும் சொன்னார். போர்டிகோ என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான், "அஞ்சு போட்டாத்தான் இந்த வீட்டுக்குள்ள வருவேன்" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அவர், "மூணு. கல்லு கட்டியாச்சு" என்றார். இரண்டு நாள் வேலை நின்றது. மேஸ்திரி கூலி ஆட்களை வைத்துக்கொண்டு சும்மா பீடி பிடித்தார்.

மூன்றாம் நாள் காலையில் அத்தை மீன்காரியிடம் பேரம் பேசி முடித்த கையோடு எங்கள் பக்கம் திரும்பினார். "அது அஞ்சுன்னுது, நீ மூணுன்ற. நாலு போட்டு முடிங்கடா. ஆளுங்களுக்குச் சோறு போட்டு மாளல."

அப்படித்தான் நாலு வந்தது. உன் பனி, உன் கணினி, உன் அறிக்கை, என் கண்ணீர் எல்லாம் சேர்ந்து கடைசியில் சங்கரா மீன் விலை மாதிரி முடிந்தது. உனக்கு எழுத வெட்கமாக இருந்தது. நீ ஐந்து என்று எழுதினாய். நான் ஒரு அடியை விட்டுக் கொடுத்துவிட்டேன். போர்டிகோவும் இல்லை. யாருக்குமே முழுதாகக் கிடைக்கவில்லை.

போன வாரம் மழை. நீங்களும் நனைந்திருப்பீர்கள். இங்கே கடல் எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர் கழுவெளிப் பக்கத்திலிருந்து வந்தது. வந்தது போகவில்லை. பழைய வீட்டுக்குள் கட்டில் கால் முழுகியதும், கூரை இல்லாத புது வீட்டின் பேஸ்மட்டத்தின் மேல் ஏறி, தார்ப்பாய் கட்டி, இரண்டு நாள் அங்கேதான் சமையல். எதிர் வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள். உன்னைக் கேலி செய்த அதே ஆட்கள் தட்டை நீட்டி அத்தையிடம் குழம்பு வாங்கினார்கள். அத்தை ஊற்றும்போது சொன்னார்: "கடலுக்குள்ள போற வூட்டுக் கொழம்பு, உப்பு தூக்கலாத்தான் இருக்கும்."

தண்ணீர் எவ்வளவு வந்தது என்று கேட்பாய். இரண்டரை அடி. அதற்கு மேல் ஏறவில்லை.

உன் எண்ணால்தான் தப்பித்தோம் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் மூணு அடியே போதுமாயிருந்தது. மாமா அதைப் பார்த்துவிட்டார். கல் கட்டின் மேல் தண்ணீர்க் கோட்டைக் காட்டி, "நான் சொன்னேன்ல?" என்றார். சண்டைக்காகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். வண்டி தார்ப்பாய்க்கு வெளியே நனைந்துகொண்டு நின்றது. அவர் சொல்வது சரி. நீ எழுதியதும் சரி. அந்தத் தண்ணீரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த என்னால் இரண்டில் ஒன்றைத் தவறு என்று சொல்ல முடியவில்லை.

தண்ணீர் வடிந்த அன்று அவர் கல் கட்டைச் சுற்றி வந்து ஒவ்வொரு மூலையாகத் தட்டிப் பார்த்தார். எங்கும் விரிசல் இல்லை. "பரவால்ல. நம்ம காலத்துக்கு இது போதும்" என்றார்.

மற்ற நாளாக இருந்தால் எனக்கும் அது நிம்மதியாக இருந்திருக்கும். அன்றைக்கு அந்த "நம்ம" என்னைக் குத்தியது. ஏனென்றால் எனக்கு மூன்றாவது மாதம், மொழி. டாக்டர் சொல்லிப் பத்து நாள்தான் ஆகிறது. மழை அடித்துப் போட்டதில் அவரிடம் சொல்ல நேரமே வரவில்லை. இந்த வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். அம்மாவிடம் நீயாகச் சொல்லிவிடாதே.

ஆனி மாதம் பிறக்கும் என்கிறார்கள். உன் கடிதத்தில் 2100 என்று வந்தபோது நான் அதை யாருடைய வருடமோ என்று தாண்டிப் போனேன். இப்போது விரல் விட்டுப் பார்த்தேன். இதற்கு அப்போது எழுபத்து நாலு வயது. நம் ஊரில் எழுபத்து நாலு வயதில் வயலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்த வருடத்தைப் பற்றி எனக்கு எழுது. இந்த முறை ஒரே எண்ணாகச் சுருக்காதே. நல்ல மாதிரி சொல்வது, கெட்ட மாதிரி சொல்வது, இரண்டுக்கும் நடுவில் இருப்பது, யாருக்கும் தெரியாதது, அடுத்த வருடம் அவர்கள் மாற்றிச் சொன்னால் அதுவும், எல்லாவற்றையும் எழுது. உறை கனமாக இருந்தால் இருக்கட்டும். அத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொள்ளட்டும்.

அன்புக்கரசி